ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை

அத்தியாயம் 14

சாமுண்டீஸ்வரி லீவு கேட்டாள் என்றால் கம்பெனியில் யாரும் நம்ப மாட்டார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்குப் போடும் ரப்பர் புஷ் செக்கிங்கில் பதினொரு வருஷம். மாமியார் செத்தபோதே நாலாம் நாள் வந்து டேபிளில் உட்கார்ந்தவள். அப்படிப்பட்டவள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போய் நின்றதும் சூப்பர்வைசர் பயந்தே போனார்.

"யாருக்கும்மா உடம்பு சரியில்ல?"

"எல்லாம் நல்லாத்தான் கீறாங்க சார். பொண்ணுக்கு நாளைக்கு ப்ராக்டிகல் பரீட்சை. எனக்கு அவ பழைய ஸ்கூல்ல ஒரு சர்டிபிகேட் வாங்கற வேலை கீது. டாக்டருக்குப் படிக்கறதுக்கு வோணுமாம். அரை நாள் போதும்."

'டாக்டருக்கு' என்பதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். பக்கத்து டேபிளுக்கும் கேட்கட்டுமே.

இந்தச் சத்தம் இரண்டு வருஷமாகக் கேட்கிற சத்தம்தான். முத்தாபுதுப்பேட்டையில் ஓட்டு வீட்டை இடித்து தளம் போட்ட குடும்பம். அவள் புருஷன் வெற்றிச்செல்வன் பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். ஒரே மகள் கவிப்பிரியா. பத்தாவது வரை அரசுப் பெண்கள் பள்ளியில், தமிழ் வழியில், வகுப்பில் எப்போதும் முதல். அவளை அங்கிருந்து டி.சி. வாங்கி, தனியார் பள்ளியில், ஆங்கில வழியில், பியூர் சயின்ஸ் குரூப்பில் கொண்டுபோய் சேர்த்தவள் சாமுண்டீஸ்வரி.

அந்தக் குரூப்பில் கணக்கு கிடையாது. தாவரவியல் தனி, விலங்கியல் தனி. இரண்டு தடிப் புத்தகம், இரண்டு ரெக்கார்டு நோட்டு, இரண்டு ப்ராக்டிகல். "கணக்கு இல்லாம போயிட்டா அப்பால இன்ஜினியருக்கும் போவ முடியாதே?" என்று வெற்றிச்செல்வன் ஒரே ஒரு தரம் கேட்டான். "அவ ஏன்யா இன்ஜினியருக்குப் போறா?" என்று சாமுண்டீஸ்வரி திருப்பிக் கேட்டாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் ஏழரை சதவீத இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. நன்றாகத் தெரியும். எட்டாவதிலேயே கவிப்பிரியாவைப் பெரிய பள்ளிக்கு மாற்றச் சொல்லி நாத்தனார் நச்சரித்தபோது, "அவசரப்படாத. அஞ்சு வருஷம் முடியட்டும்" என்று தடுத்தவளே அவள்தான்.

அந்த அஞ்சு வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது என்றால், கம்பெனியிலிருந்து வந்தது. அவளோடு வேலை பார்த்த முனியம்மா வேலையை விட்டுப் போனபோது கிராஜுவிட்டி கிடைத்தது. ஆபீஸ்காரர் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினார். அஞ்சு வருஷம் முழுசாக முடிந்துவிட்டால் போதும், அப்புறம் நீ எங்கே போனாலும் அது உன்னுடையது. சாமுண்டீஸ்வரி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை எண்ணினால் சரியாக அஞ்சு வருஷம். உரிமையும் கையில் இருக்கும், நல்ல கோச்சிங்கும் கிடைக்கும். இரண்டு பக்கமும் லாபம் என்று தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டாள். யாரிடமும் கேட்கவில்லை. தெரிந்த விஷயத்தைப் போய் யாராவது கேட்பார்களா?

புதன்கிழமை காலை கவிப்பிரியா இட்லியைத் தொடவில்லை. வெள்ளைக் கோட்டை மடித்துப் பையில் வைத்தாள். விலங்கியல் ரெக்கார்டு நோட்டை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டு மூடினாள்.

அந்த நோட்டில் வீட்டில் இருக்கும் மூன்று பேர் கையும் உண்டு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது அம்மா. வண்ணப் பென்சில் சீவிக் கொடுத்தது அப்பா. போன வருஷம் தாவரவியலுக்கு ஊமத்தம்பூ வேண்டும் என்று மகள் சொன்னதற்கு, வெற்றிச்செல்வன் ரயில் பாதை ஓரமாகப் போய் ஒரு கோணிப்பை நிறைய அறுத்துக்கொண்டு வந்துவிட்டான். "ஒரு பூ போதும்பா!" என்று கவிப்பிரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். யோசித்துப் பார்த்தால் அவள் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

"ஒரு வாய் சாப்ட்டு போயேன்டி."

"வாந்தி வரும்மா."

"படிச்சதெல்லாம் நினைப்புல கீதா?"

"கீதும்மா," என்றாள் கவிப்பிரியா. "தமிழ்ல கீது."

வேன் வந்துவிட்டது. சாமுண்டீஸ்வரி அந்தப் பதிலை அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிளாஸ்டிக் ஃபைலில் டி.சி. நகல், ஆதார் நகல், பத்தாவது மார்க் ஷீட் நகல் எல்லாம் இருக்கிறதா என்று மூன்றாவது முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழைய பள்ளியின் ஆபீஸ் ரூமில் கிளார்க் திருமுருகன் அதே நாற்காலியில்தான் இருந்தார். அவரைப் பார்த்ததும் சாமுண்டீஸ்வரிக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. டி.சி. வாங்க வந்த அன்று அவரோடுதான் சண்டை.

"வாங்கம்மா. கவிப்பிரியா அம்மாதானே? பொண்ணு எப்படி இருக்கு?"

"நல்லா கீறா சார். இன்னிக்கு ப்ராக்டிகல். நீட்டுக்கும் அப்ளை பண்ணிட்டோம். அந்த ஏழரை பர்சென்டுக்கு ஸ்கூல்ல படிச்ச சர்டிபிகேட் வோணும்னாங்க. கடைசி நேரத்துல அலையக் கூடாதுன்னு இப்பவே வந்துட்டேன்."

திருமுருகன் கையில் இருந்த பேனாவை மூடி வைத்தார்.

"அவ பதினொண்ணு, பன்னெண்டு எங்கம்மா படிக்கிறா?"

"அதான் சார், பிரைவேட்ல."

"அப்ப அது கிடைக்காதேம்மா."

"ஆறாவதுலேந்து பத்தாவது வரைக்கும் இங்கதானே சார் படிச்சா? அஞ்சு வருஷம் முழுசா. ஒரு நாள் கூட லீவு போடல அவ."

"ஆறாவதுலேந்து பன்னெண்டாவது வரைக்கும்மா. ஏழு வருஷமும் அரசுப் பள்ளியில படிச்சிருக்கணும்."

"அஞ்சு வருஷம் முடிஞ்சிட்டா அப்பால எங்க போனாலும்..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். பிறகு மெல்லச் சொன்னாள். "கிராஜுவிட்டி மாதிரி சார்."

திருமுருகனுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"யாரும்மா உங்ககிட்ட அப்படிச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அதுதானே கொடுமை. ஒருத்தன் சொல்லியிருந்தால் அவன் சட்டையைப் பிடிக்கலாம்.

"அன்னிக்கே நான் சொன்னேனேம்மா, யோசிச்சுக்கோங்கன்னு. நீங்க பேசவே விடல. எங்களுக்கு எண்ணிக்கை குறையுதுன்னு கவலைன்னு சொல்லிட்டு டி.சி.ய வாங்கிக்கிட்டுப் போயிட்டீங்க."

சொன்னாள்தான். வார்த்தைக்கு வார்த்தை அப்படியேதான் சொன்னாள். அது மட்டுமா? "ஏழை வூட்டுப் பொண்ணு முன்னுக்கு வந்தா உங்களுக்குப் பொறுக்காதே" என்றும் சொன்னாள். அவர் நல்ல மனுஷன், அதைத் திருப்பிச் சொல்லவில்லை.

"வேற வழி எதுனா கீதா சார்? யார் கால்லயாவது வுழணுமா?"

"காலேஜ் போட்டியிலேந்து யாரும் தள்ளிடலம்மா. பொதுப் பட்டியல்ல அவ வரலாம். மார்க் வேணும், அவ்ளோதான். கோச்சிங் டெஸ்ட்ல எப்படி எடுக்கிறா?"

அவள் எப்படி எடுக்கிறாள் என்று சாமுண்டீஸ்வரிக்குத் தெரியும். வகுப்பில் கடைசி பத்துப் பேரில் ஒருத்தி. அந்த மார்க்குக்குப் பொதுப் பட்டியலில் கிட்டக்கூட நெருங்க முடியாது. ஏழரை இருக்கிறதே, அதில் எட்டிப்பிடித்துவிடலாம் என்றுதான் இத்தனை நாளும் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

ஃபைலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஆய்வுக்கூடத்துக்கு வெளியே பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். இங்கேயும் இன்று விலங்கியல் ப்ராக்டிகல்தான். வரிசையிலிருந்து ஒருத்தி ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி! நான் ஜோதிகா. ஞாபகம் கீதா?"

எப்படி ஞாபகம் இல்லாமல் போகும்? அஞ்சு வருஷமும் கவிப்பிரியாவுக்கு அடுத்து, இரண்டாவது ரேங்க். கணக்குச் சந்தேகம் கேட்க வீட்டுக்கு வந்து, கவிப்பிரியா தட்டிலேயே சாப்பிட்டுப் போகும். இப்போது முகத்தில் தனிக் களை வந்திருந்தது.

"எந்த குரூப்புமா நீ?"

"பியூர் சயின்ஸ்தான் ஆன்ட்டி. தமிழ் மீடியம். ஸ்கூல்லயே நீட் கிளாஸ் வெக்கறாங்க. இப்ப டெஸ்ட்ல எடுக்கற மார்க்கே வந்தா ஏழரைல சீட் கிடைச்சிடும்னு சார் சொல்றாரு." சொல்லிவிட்டு அந்தப் பெண் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சாரி ஆன்ட்டி."

"எதுக்கு சாரி?"

"கவி... கவிக்கு அது கிடையாதுல்ல. நான்தான் ஆன்ட்டி அவகிட்ட சொன்னேன். பதினொண்ணாவது காலாண்டு லீவுல. அதுக்குள்ள அட்மிஷன்லாம் முடிஞ்சு போச்சு. அன்னிக்கு அவ ரொம்ப அழுதா. அம்மாவுக்குத் தெரிய வேணாம்னு என்கிட்ட சத்தியம் வாங்கினா." அவள் குரல் இறங்கிவிட்டது. "உங்களுக்கு இப்பத் தெரியும்தானே ஆன்ட்டி?"

"தெரியும்மா," என்றாள் சாமுண்டீஸ்வரி. "போ. நல்லா பண்ணு."

அன்று மத்தியானம் அவள் வேலைக்குப் போகவில்லை. ஆவடி பஸ் ஸ்டாண்டில் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அம்பத்தூர் பஸ் வந்தது, போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது.

அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் அவள் செய்திருக்கிறாள். அதிலும் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை, பெற்ற பெண்ணுக்கு வைத்தாள். சும்மா இருந்திருந்தால் போதும். ஒன்றுமே செய்யாமல், ஒன்றுமே யோசிக்காமல், அந்தப் பெண்ணை அதே பெஞ்சில் விட்டிருந்தால் இன்று ஜோதிகா முகத்தில் இருந்த களை அவள் முகத்தில் இருந்திருக்கும்.

கவிப்பிரியாவுக்கு ஒன்றரை வருஷமாகத் தெரிந்திருக்கிறது. எதற்காகப் படிக்கிறோமோ அது இல்லை என்று தெரிந்துகொண்டே தினமும் வேன் ஏறியிருக்கிறாள். பத்தாவதில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று சப்பாத்தி தேய்த்துக்கொண்டே கதைபோல அம்மாவுக்குச் சொல்லுவாள். புதுப் பள்ளிக்குப் போனபின் ஒவ்வொரு எழுத்தாக முணுமுணுத்து மனப்பாடம் பண்ண ஆரம்பித்தாள். கதை சொல்வது நின்றுபோனது. பெரிய படிப்பு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சாமுண்டீஸ்வரி பெருமைப்பட்டுக்கொண்டாள். இதைவிட முட்டாள் ஒருத்தி இந்த ஊரில் இருப்பாளா?

நாலு மணிக்கு அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கவிப்பிரியா வாசலிலேயே நின்றிருந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"எங்கம்மா போன? நான் சூப்பரா பண்ணிட்டேன்! வெளியிலேந்து எக்ஸாமினர் ஒருத்தர் வந்தாரு. முதல்ல இங்கிலீஷ்ல கேட்டாரு, எனக்கு வரல. அப்புறம் அவரே, 'தமிழ்ல சொல்லேம்மா'ன்னாரு. அவ்ளோதான். நிறக்குருடு எப்டி வருதுன்னு கேட்டாரு. கடகடன்னு சொன்னேன்!"

"இன்னா சொன்ன?"

"அந்தக் கோளாறு அம்மாகிட்ட இருக்கும். ஆனா அம்மாவுக்கு ஒண்ணும் பண்ணாது, அவளுக்குத் தெரியவே தெரியாது. அவ பெத்த புள்ளைக்குப் போய்த்தான் அது வெளிய வரும்." அவள் மூச்சு வாங்கினாள். "பக்கத்துல இருந்த எங்க மிஸ்ஸே கேட்டாங்கம்மா, 'இவ்ளோ தெரிஞ்சவ ஏம்மா டெஸ்ட்ல எழுதல?'ன்னு."

சாமுண்டீஸ்வரி தலையைத் திருப்பிக்கொண்டு செருப்பைக் கழற்றினாள். ஒரு செருப்பின் வார் கழன்றும் கழலாமலும் படுத்தியது.

அந்த நேரத்தில் வெற்றிச்செல்வன் வந்து நின்றான். தாயும் மகளும் வாயைப் பிளந்தார்கள். தலை வழவழவென்று, சந்தனம் பூசி, மஞ்சளாக மின்னியது.

"இன்னாய்யா இது கோலம்?"

"ஷிஃப்ட்டு முடிஞ்சு நேரா திருவேற்காடு அம்மன் கோயிலுக்குப் போயிட்டேன். சீட்டு கெடைச்சா மொட்டை அடிக்கறேன்னு வேண்டிக்கினு இருந்தேன்ல? பாப்பா போன்ல சொல்லிச்சு, ப்ராக்டிகல் நல்லா பண்ணிட்டேன்னு. எதுக்கு வெய்ட் பண்ணணும்? முன்னாடியே குடுத்துட்டா ஆத்தா அப்பால மாட்டேன்னு சொல்ல முடியாது பாரு!"

தன் சாமர்த்தியத்தை நினைத்து அவனே உரக்கச் சிரித்தான். கவிப்பிரியாவும் சிரித்தாள். சாமுண்டீஸ்வரி மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு சிரித்தது, அவ்வளவுதான். இந்தச் சிரிப்பை அவள் ஒன்றரை வருஷமாகப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள், கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

"ஆமா, போன காரியம் இன்னா ஆச்சு? சர்டிபிகேட் குடுத்தாங்களா?"

கவிப்பிரியா திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா எங்கே போயிருந்தாள் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"குடுத்துட்டாங்க," என்றாள் சாமுண்டீஸ்வரி. "பீரோவுல வெச்சிருக்கேன்."

"அப்டிப் போடு!" வெற்றிச்செல்வன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். குளியலறையிலிருந்து அவன் பாட்டு கேட்டது.

கவிப்பிரியா கிட்டே வந்தாள்.

"ஆபீஸ்ல யாரும்மா இருந்தாரு?"

"திருமுருகன் சார்."

"அப்ப சொல்லியிருப்பாரே."

"சொன்னாரு. ஜோதிகாவும் சொன்னா." சாமுண்டீஸ்வரி குளியலறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். "நீ ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"டி.சி. வாங்கின அன்னிக்கு நீ ஊடு வந்து சேர்ற வரைக்கும் எத்தினி பேருகிட்ட சொன்ன தெரியுமா? எம்பொண்ணுக்கு எல்லாம் கணக்குப் போட்டுத்தான் செய்யறேன்னு. அந்தக் கணக்கு தப்புன்னு நான் எப்டிம்மா உன்கிட்ட வந்து சொல்றது? நீ தாங்க மாட்ட. இன்னிக்கு வேணாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நினைப்பேன். அப்டியே போயிடுச்சு."

"என்னைத் திட்டுடி. நாலு அறை கூட அறை. நான்தான் உன் வாழ்க்கையைக் கெடுத்தேன்."

கவிப்பிரியா திட்டவில்லை. திட்டியிருந்தால் சாமுண்டீஸ்வரிக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

"பப்ளிக் பரீட்சை எழுதிடறேன்மா. பாஸ் பண்ணிடுவேன். ஆனா இந்த நீட்டு புத்தகத்தை இனிமே படிக்க முடியாதும்மா. எனக்கு அந்தப் பாடம் எவ்ளோ பிடிக்கும்னு உனக்குத் தெரியும்ல? இப்ப பாத்தாலே பயமா கீது." அவள் அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். "நிறுத்திக்கட்டுமாம்மா?"

பதினேழு வருஷத்தில் இந்தப் பெண் கேட்ட எந்தக் கேள்விக்கும் சாமுண்டீஸ்வரி யோசித்துப் பதில் சொன்னதில்லை. கேட்டு முடிக்குமுன் பதில் வந்துவிடும். இன்று நிறுத்து என்று சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை, படி என்று சொல்லவும் வரவில்லை. இரண்டில் எதைச் சொல்லவும் தனக்கு யோக்கியதை இல்லை என்றுதான் தோன்றியது.

"முதல்ல உங்கப்பாகிட்ட நான் சொல்லிடறேன்," என்றாள் கடைசியில். "இப்பவே."

வெற்றிச்செல்வன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து தட்டின் முன் உட்கார்ந்தான்.

"சொல்ல மறந்துட்டேன் சாமுண்டி. எங்க கம்பெனி பர்சனல் ஆபீசரு கீறாரே, அவரு பாப்பாவுக்காக ஒரு டிரஸ்ட்டுல பேசிக்கீறாரு. படிப்புச் செலவு மொத்தமும் அவங்களே பாத்துப்பாங்களாம். அந்த சர்டிபிகேட்ட திங்கக்கிழமை எடுத்தாரச் சொன்னாரு. மொட்டைத் தலையோட போய் நின்னா இன்னும் நல்லா நம்புவாரு, இன்னா?"

"இந்தாய்யா, உன்கிட்ட ஒண்ணு..."

கவிப்பிரியா அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

"இன்னிக்கு வேணாம்மா," என்று காதருகில் சொன்னாள். "இன்னிக்கு ஒரு நாள் அப்பா சந்தோஷமா இருக்கட்டும்."

இப்படித்தான், இதே வார்த்தையில்தான், ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் இந்தப் பெண் தனக்குத்தானே சொல்லியிருப்பாள். அது சாமுண்டீஸ்வரிக்கு நன்றாகப் புரிந்தது. இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல வராது என்பதும் புரிந்தது.

"இன்னா ஒண்ணு? சொல்லு," என்றான் வெற்றிச்செல்வன், தட்டை இழுத்துக்கொண்டு.

"ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டு சாமுண்டீஸ்வரி அவனுக்குச் சோறு போட்டாள்.